பொங்கல் கழிந்து வெலிகம: அலைச்சறுக்கு கற்கக் கிளம்பும் தம்பதிக்கு

கேள்வி இது: களியக்காவிளைப் பக்கம் வீடு, இருவருக்கும் திருவனந்தபுரத்தில் வேலை. பொங்கல் கழிந்து பன்னிரண்டு நாள் விடுப்பு. ஏதாவது ஒரு தீவில் தங்கி, ஊர் சுற்றி, சர்ஃபிங்கும் கற்க வேண்டும். கணவருக்கு நீச்சல் நன்றாக வரும். மனைவிக்குக் குளத்தில் அக்கரை போய்வரும் அளவுக்கு வரும். எந்தத் தீவு, எந்த ஊர், என்னென்ன ஏற்பாடு?

இலங்கையின் தென்கரை, அதிலும் வெலிகம. மற்றவற்றை ஏன் தள்ளுகிறேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாலத்தீவு திருவனந்தபுரத்துக்குக் கிட்டத்தான். ஆனால் அங்கே அலை உடைவது பவளப்பாறை மேல். பருவமும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. லட்சத்தீவுக்கு அனுமதி வாங்கி, கொச்சி போய், கப்பலோ விமானமோ பிடிக்க வேண்டும். தீவைச் சுற்றியுள்ள அமைதியான நீர் கண்ணுக்கு அழகு, அலை ஏறப் பழக உதவாது. அந்தமானில் லிட்டில் அந்தமான் நல்ல இடம்தான். அங்கே அலை கூடுவது மார்ச்சுக்குப் பிறகு, போய்ச் சேரவே இரண்டு நாள் செலவாகும். இலங்கைக்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு மணி நேரம் பறந்தால் போதும்.

இலங்கைக்குள்ளேயும் ஒரு பொறி உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் வருவது கிழக்குக் கரையின் அறுகம்பே. அது ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கான ஊர். ஜனவரியில் அங்கே வடகிழக்குப் பருவக்காற்று நேராகக் கரையில் மோதும். மழை இருக்கும், கடல் கலங்கிக் கிடக்கும். வீடியோ பார்த்து மயங்கி அங்கே அறை எடுத்துவிட்டு, பிறகு பல மணி நேரம் வண்டியில் தெற்கே வருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

தென்கரையில் நிலைமை நேர்மாறு. அதே வடகிழக்குக் காற்று அங்கே தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். எதிரே வரும் அலையின் முகத்தை அது தடவி நிமிர்த்திப் பிடிப்பதால் அலை அவசரப்பட்டு உடையாமல் வழவழப்பாக, ஒழுங்காக வரும். இங்கே முட்டம், குளச்சல் பக்கத்துக் கடலோடிகள் கரைக்காற்று என்பது இதைத்தான். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, பத்து பத்தரைக்குக் காற்று திரும்பிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். அதன்பின் அலைமுகம் சொரசொரப்பாகும், அலை ஒழுங்கில்லாமல் உடையும். ஆகவே இந்தப் பயணம் முழுவதையும் காலை ஆறரை முதல் பத்து மணி வரையான கடலைச் சுற்றிக் கட்டுங்கள். தங்குமிடம், சாப்பாடு, தூக்கம், ஊர் சுற்றல் எல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் நாள் இரவு பதினோரு மணிவரை கடற்கரைக் கடையில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் ஒன்பது மணிக்குக் கடலுக்கு வருகிறவர்கள் பன்னிரண்டு நாளில் கற்பது, ஒழுங்காக வருகிறவர்கள் நான்கு நாளில் கற்பதுதான். மாலை ஐந்து மணிவாக்கில் காற்று சில நாள் அடங்கும்; கிடைத்தால் லாபம், நம்பி இருக்க வேண்டாம். நேரம் நம் ஊர் நேரமேதான், கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

அலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் முன்னறிவிப்பைப் படிப்பது எளிது. தென்கரைக்கு வரும் அலை அங்கே வீசும் காற்றால் உண்டாவதில்லை. தெற்கே பல ஆயிரம் கி.மீ. தள்ளி, அண்டார்க்டிகாவைச் சுற்றிய தென்பெருங்கடலில் அடிக்கும் புயல்கள் கிளப்பிவிடும் ஓதம் அது, அதாவது நெடுந்தூரம் ஓடிவரும் அலை. நமக்குக் குளிர்காலம் என்றால் அங்கே கோடை. புயல்கள் சற்று அடங்கியிருக்கும். அதனால் ஜனவரியில் வெலிகமவுக்கு வருவது பெரும்பாலும் இடுப்பளவு, நெஞ்சளவு அலை. மே முதல் செப்டம்பர் வரை அதே கரையில் பெரிய அலையும் எதிர்க்காற்றும் சேர்ந்துகொள்ளும். புதியவர்களுக்கு அப்போது வேலையில்லை.

இந்த ஓதத்தின் பலத்தை உங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் காற்றும் மழையும் இல்லாமல் திடீரென்று கடல் ஏறி வீட்டு வாசலுக்கு வருமே, கள்ளக்கடல், அதுவும் இதே தென்பெருங்கடலில் பிறந்ததுதான். கேரள மீனவர்களின் அந்தச் சொல்லை 2012இல் யுனெஸ்கோவே அறிவியல் வழக்காக ஏற்றுக்கொண்டது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை இழுத்துச் சென்றது அப்படிப்பட்ட ஒரு நாளின் அலை. முன்னறிவிப்பில் உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள் என்று சொல்வதற்காகவே இதை இழுத்தேன். உயரத்துக்குப் பக்கத்தில் வினாடிக் கணக்கு ஒன்று இருக்கும்: ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடைவெளி. 1 மீட்டர், 8 வினாடி என்றால் குழந்தைத்தனமான கடல். அதே 1 மீட்டர், 15 வினாடி என்றால் அலை சுமக்கும் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரையருகே வந்ததும் எதிர்பார்த்ததைவிட உயர்ந்து நிற்கும். நீங்கள் பார்க்க வேண்டியவை நான்கு: உயரம், வினாடி, காற்றின் திசை, ஏற்றவற்றம் (கடல்மட்டம் ஏறி இறங்குவது). விண்ட்குரு, சர்ஃப்லைன் என்ற முன்னறிவிப்புத் தளங்கள் இரண்டில் எதிலும் நான்கும் கிடைக்கும். முதல் வாரத்துக்கு 1.2 மீட்டருக்குள், 12 வினாடிக்குள் இருக்கும் காலைகள் போதும்.

ஏற்றவற்றம் தென்னிலங்கையில் மிகக் குறைவு, அதிகபட்சமே ஒரு மீட்டருக்குள். வெலிகமவில் அதனால் பெரிய பாதகமில்லை. முழு வற்றத்தில் அலை ஒரே வரிசையாக மடேர் என்று இடியும், நடுத்தர நீரில் நிதானமாகச் சரியும், அவ்வளவே. பாறை மேல் உடையும் இடங்களில் இந்தச் சில அங்குலம்தான் முழங்காலைக் காப்பதும் கிழிப்பதும்.

இனி ஊர். வெலிகம என்றால் சிங்களத்தில் மணலூர். பெயர் பொய்யில்லை: பிறை வடிவ விரிகுடா, அடியில் முழுக்க மணல். திறந்த கடலிலிருந்து வரும் அலை இருபுற முனைகளில் வளைந்து பலம் இழந்து உள்ளே வருகிறது. விழுந்தால் மணலில் விழுவீர்கள். ஓரங்களில் சிறிய அலை, நடுவில் கொஞ்சம் பெரியது. முதல் மூன்று நாள் ஓரம், பிறகு மெல்ல நடுவுக்கு நகரலாம். இதில் ஒரே ஒரு குறை கூட்டம். ஜனவரியில் காலை எட்டு மணிக்கு அந்த நீரில் நூற்றுக்கணக்கான பலகைகள் கிடக்கும். வெலிகமவில் அடிபடுபவர்கள் பெரும்பாலும் அலையால் அடிபடுவதில்லை, அடுத்தவர் பலகையால்தான். ஆறரைக்கே இறங்கச் சொல்வதற்கு இது இரண்டாவது காரணம்.

மேற்கே மிதிகம, அஹங்கம, கபலான, கிழக்கே மிரிஸ்ஸ, மதிஹ என்று அடுத்தடுத்து பெயர்பெற்ற இடங்கள் உண்டு. பெரும்பாலும் பாறை அல்லது பவள அடித்தளம், கடல்முள்ளி (உடல் முழுக்க முள் உள்ள கடலுயிர்) நிறைய. பயிற்சியாளர் மூன்றாம் நாளே மிதிகம போகலாம் என்று சொன்னால் சிரித்து மறுத்துவிடுங்கள். யாரும் தள்ளிவிடாமல் நீங்களே பத்துக்கு ஐந்து அலை பிடித்து, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பத் தெரிந்த பிறகுதான் பாறை. பன்னிரண்டு நாளில் அது கணவருக்குக் கடைசி இரண்டு நாளில் வாய்க்கலாம். வாய்க்காவிட்டால் நஷ்டமில்லை.

புறப்படும் முன் செய்ய வேண்டியது ஒன்றரை மாத வேலை. மனைவி நிற்காமல் 200 மீட்டர் நீந்தும் நிலைக்கு வர வேண்டும். ஐந்து நிமிடம் கால் தரையில் படாமல் மிதக்கவும் வேண்டும். குமரி மாவட்டத்தில் குளத்துக்கா பஞ்சம், ஆனால் துணையில்லாமல் இறங்க வேண்டாம். அலைச்சறுக்கில் முதலில் சோர்வது கால் அல்ல, தோளும் முதுகும். குப்புறப் படுத்து நெஞ்சையும் காலையும் தூக்கி 30 வினாடி நிற்பது, தண்டால் பத்து, பாயில் குப்புறப் படுத்த நிலையிலிருந்து ஒரே துள்ளலில் எழுந்து நிற்பது இருபது முறை. தினமும் இவ்வளவு போதும். இரண்டு ஞாயிறு காலை கோவளம் போய் ஒரு பாடம் எடுத்துக்கொண்டால் இலங்கையில் இரண்டு நாள் மிச்சமாகும். (கேரளத்துக் கோவளம். கன்னியாகுமரிக்கு மேற்கே ஒன்று, சென்னைக்குத் தெற்கே ஒன்று என்று இன்னும் இரண்டு கோவளம் இருப்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது.) நம் குமரிக் கரையில் தனியாகப் பலகையோடு பழக வேண்டாம்: பல இடங்களில் கரை செங்குத்து, அலை காலடியிலேயே இடியும், அலைத்தடுப்புப் பாறைகளும் நீட்டி நிற்கும்.

அனுமதி விஷயம்: இந்தியக் கடவுச்சீட்டுக்கு முன்கூட்டியே இணையவழிப் பயண அனுமதி வேண்டும், இ.டி.ஏ. என்பார்கள். கட்டணமும் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் இலங்கை அரசின் தளத்திலேயே பாருங்கள். அதே தோற்றத்தில் கூடுதல் பணம் பறிக்கும் தனியார் தளங்கள் தேடலில் மேலே வரும். கடவுச்சீட்டு ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்ஃபிங் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல திட்டங்கள் சாகச விளையாட்டு என்று சொல்லி விலக்கிவிடும்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து அதிவேகப் பாதையில் வெலிகம ஏறக்குறைய மூன்று மணி நேரம். இறங்கும் வெளிவாயில் கொக்மாதுவ. பகலில் இறங்கினால் கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து மாத்தறை ரயிலைப் பிடியுங்கள். போகும்போது வலப்பக்க இருக்கை, கடல் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வரும். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரலிய வரும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி ரயிலோடு சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன இடம் அது.

பலகையை இங்கிருந்து வாங்கிக்கொண்டு போக வேண்டாம். விமானக் கூலியும் உடைசலும்தான் மிச்சம். அங்கே வாடகைக்கு எடுக்கலாம். எடுக்கும்போது மேற்பரப்பு நுரைப்பலகையா என்று பாருங்கள். 70 கிலோ ஆளுக்கு 9 அடி, 55 கிலோவுக்கு 8 அடி. தொடக்கக்காரருக்குப் பலகையின் கொள்ளளவு லிட்டரில், உடல் எடை கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும், கூடினால் நல்லது. ஏழு அடிப் பலகை பார்க்க ஒயிலாக இருக்கும், அதில் நிற்கவே இரண்டு வாரம் ஆகும். பிறகு மூன்று சோதனை: துடுப்புச் சிறகு மூன்றையும் கையால் அசைத்துப் பாருங்கள், ஆடக்கூடாது. கணுக்கால் கயிற்றில் வெட்டு இருக்கிறதா, ஒட்டுப்பட்டை பிடிக்கிறதா. கயிறு பலகையின் நீளத்துக்குச் சமமாக இருக்கிறதா. குட்டைக் கயிறு என்றால் விழுந்ததும் பலகை தெறித்து உங்கள் முகத்துக்கே வரும். வாடகை மணிக்கா, காலைப்பொழுதுக்கா என்பதையும், பாடக் கட்டணத்தில் பலகை சேர்த்தியா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

உடலில் போட வேண்டியது: முழுக்கை இறுக்கமான நீர்ச்சட்டை, முழங்கால் மூடும் இறுக்கக் கால்சட்டை. இருவருக்கும்தான். இல்லையென்றால் இரண்டாம் நாளே விலாவும் தொடையும் பலகையில் உரசித் தோல் வழன்றுவிடும். துத்தநாகப் பூச்சு முகத்துக்கும், மறக்காமல் முழங்காலின் பின்புறத்துக்கும் கால் கெண்டைக்கும். நீரில் குப்புறக் கிடப்பதால் வெயில் தின்னும் இடங்கள் அவை. கறுத்த தோல் எரியாது என்ற நம்பிக்கை முதல் வார இறுதியில் கழன்றுவிடும். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம். காலையில் தேய்த்துக்கொண்டு இறங்கினால் நெஞ்சு பலகையில் நிற்காது, கை ஊன்றும்போது வழுக்கும். இரவில் தேய்த்துக்கொள்ளுங்கள்.

தாலிச்சங்கிலி, மெட்டி, மோதிரம் மூன்றையும் கழற்ற வேண்டும். அலை சுருட்டும்போது சங்கிலி கழுத்தில் இறுகலாம், அறுந்தால் மணலில் தேடிக் கிடைக்காது. மெட்டி கணுக்கால் கயிற்றில் மாட்டி விரலைத் திருகும். வீட்டில் மாமியாரிடமோ அம்மாவிடமோ சொல்லிப் பத்திரப்படுத்திவிட்டு, மஞ்சள் கயிற்றோடு போகிறவர்களும் அதை நீர்ச்சட்டைக்குள் விட்டுக்கொள்ளட்டும். நீள முடியை ஒற்றைப் பின்னலாக இறுக்கிப் போடுவது நல்லது.

இப்போது அலை. முன்கால் எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணை மூடி நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினால் எந்தக் கால் முன்னே பாய்கிறதோ அது முன்கால். கயிறு பின்காலில் கட்ட வேண்டும்.

முதல் இரண்டு நாள் இடுப்பளவு நீரில், உடைந்து நுரையாக வரும் அலை மட்டும். பலகையின் நடுக்கோட்டில் படுங்கள். மூக்கு நீருக்கு மேல் நான்கு விரல்கடை உயர்ந்திருந்தால் சரியான இடம். முன்னால் போய்விட்டால் மூக்கு நீரில் குத்தித் தலைகுப்புறக் கவிழும். பின்னால் இருந்தால் அலை உங்களைக் கடந்து போய்விடும். தொடக்கக்காரரின் பாதிப் பிழை இந்த இரண்டில் ஒன்று, எழுந்து நிற்கும் வித்தையில் இல்லை. நுரை நான்கு மீட்டர் பின்னால் இருக்கும்போதே கையைத் துடுப்பாக்கி நீரை வலிக்கத் தொடங்குங்கள். பலகையின் வால் தூக்கப்படுவதை உணர்ந்ததும் நிறுத்திவிடாதீர்கள், இன்னும் இரண்டு முறை வலியுங்கள். எல்லோரும் நிறுத்துவது அங்கேதான், அலை நழுவுவதும் அங்கேதான். பிறகு உள்ளங்கைகளை விலாவுக்குக் கீழே தட்டையாக ஊன்றி, நெஞ்சைத் தூக்கி, பார்வையைக் கரையில் உள்ள ஒரு தென்னையில் நிறுத்தி, பின்காலை வைத்து, முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவர வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்கட்டும்.

கெடுவது எங்கே என்றால்: பலகையின் ஓரங்களைப் பிடித்து எழுந்தால் பலகை ஒரு பக்கம் சாயும். முதலில் முட்டிபோட்டுப் பிறகு எழுந்தால் அந்த ஒரு வினாடியில் அலை போய்விடும், அந்தப் பழக்கமும் லேசில் விடாது. காலைப் பார்த்தால் காலடியிலேயே விழுவீர்கள். எழுந்ததும் கம்பம் போல நிமிர்ந்தால் அடுத்த அசைவில் கடல்.

மூன்றாம் நாள் முதல் உடையாத பச்சை அலையைப் பயிற்சியாளர் தள்ளிவிடட்டும். ஐந்தாம் நாள் முதல் நீங்களே கையால் நீரை வலித்துப் பிடிக்க முயலுங்கள். ஆறாம் ஏழாம் நாள் எல்லாம் மறந்துபோனது போல ஒரு கட்டம் வரும். தோள் களைத்திருப்பதுதான் காரணம். அன்று கடலுக்குப் போகாமல் வேறு வேலை பாருங்கள்.

விழும்போது தட்டையாக, முதுகிலோ பக்கவாட்டிலோ விழுங்கள்; தலைகீழாகப் பாய்ந்தால் இடுப்பளவு நீரில் கழுத்து போகும். விழுந்ததும் இரு கையும் தலையைச் சுற்றி இருக்கட்டும், மேலே வந்ததும் கயிற்றைப் பிடித்துப் பலகை எங்கே என்று பாருங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகையை ஒருபோதும் வைக்கக்கூடாது. பெரிய நுரை எதிரே வந்தால் பலகையோடு சேர்ந்து தலைகீழாகப் புரண்டு, அது கடந்ததும் மறுபடி புரண்டு எழுங்கள். ஒன்பது அடிப் பலகையை நீருக்குள் அமுக்க முடியாது. பலகையைத் தூக்கி எறிந்துவிட்டு முங்குவது பின்னால் வருபவரின் பல்லைப் பெயர்க்கும் பழக்கம். யார் அலை உடையும் உச்சிக்கு மிக அருகில் இருக்கிறாரோ அலை அவருடையது. நீங்கள் இருவரும் ஒரே அலையில் அருகருகே ஏற முயல்வதும் கூடாது. கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். பலகையை விட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் மிதவை.

தம்பதிகளுக்கென்று ஒன்று. கணவர் மனைவிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கடலுக்குள் தொடங்கும் அந்த வாக்குவாதம் இரவுச் சாப்பாடு வரை நீளும். தனித்தனிப் பயிற்சியாளர் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நீரில் இருக்கும்போது மற்றவர் கரையில் நின்று கைபேசியில் பத்து நிமிடம் படம் பிடித்துக் காட்டினால், பயிற்சியாளர் பத்துமுறை சொன்னது ஒரே பார்வையில் விளங்கும்.

காயம்: பவளத்தில் கீறினால் நல்ல நீரில் கழுவி, மென்மையான தூரிகையால் துகள் போகும்வரை தேய்த்து, கிருமிநாசினி போட்டு, காயும்வரை கடலுக்குள் போகாதீர்கள். சிறிய கீறல்தானே என்று மறுநாள் இறங்கினால் நான்காம் நாள் சீழ்பிடிக்கும். கடல்முள்ளி குத்தினால் தாங்கும் அளவு சூடான நீரில் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காலை வைத்து, கண்ணுக்குத் தெரியும் முள்ளை மட்டும் எடுங்கள்; ஊசி வைத்துக் குடைய வேண்டாம். மூட்டில் குத்தியிருந்தால் மருத்துவர். நம் 108 போல அங்கே 1990, இலவச ஆம்புலன்ஸ்; 2016இல் இந்திய உதவியில் தொடங்கியது. பெரிய மருத்துவமனை என்றால் காலி நகரின் கராப்பிட்டிய அல்லது மாத்தறை.

சாப்பாட்டில் உங்களுக்கு அந்நியம் தோன்றாது. ஆப்பம், இடியாப்பம், புட்டு எல்லாம் உண்டு. மரச்சீனி அங்கே மஞ்ஞொக்கா. அவித்து மிளகாய்ச் சம்பலோடு தருவார்கள். தென்கரைக்கே உரிய அம்புல் தியல் என்ற புளிமீனில் போடும் கொரக்கா நம் குடம்புளிதான். அலைக்கு முன் ஒரு வாழைப்பழம் மட்டும், வந்த பிறகு வயிறு நிறைய. எருமைத் தயிரில் கித்துள் பாணி (கித்துள் பனையின் பாகு) ஊற்றித் தருவதை விட்டுவிடாதீர்கள். செவ்விளநீரின் பெயர் தம்பிலி. சிங்களத்தில் அக்காவுக்கு அக்காதான், தம்பி மல்லி, அண்ணன் அய்யா. கடைக்காரரை அப்படிக் கூப்பிட்டால் முகம் மலரும். வெலிகம, காலி முஸ்லிம் குடும்பங்களில் தமிழ் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். பௌர்ணமி நாள் போயா: அன்று மது விற்பனை கிடையாது. 2024 பிப்ரவரி முதல் நம் யு.பி.ஐ. சில கடைகளில் செல்லும், ஆனாலும் கையில் ரொக்கம் வேண்டும்.

பகல் பதினொன்றுக்குப் பிறகு ஊர் சுற்றுங்கள். ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் இந்திய உரிமம் மட்டும் போதாது. இங்கே சர்வதேச அனுமதி எடுத்து, அங்கே அதற்கு ஒப்புதலும் வாங்க வேண்டும். காலி வீதியில் தனியார் பேருந்துகள் யாருக்கும் வழிவிடுவதில்லை. அது நம் கேரள எம்.சி. சாலை ஓட்டுநர்களையே நிதானக்காரர் ஆக்கிவிடும். முச்சக்கர வண்டியே மேல்.

காலிக் கோட்டைக்கு ஒரு மாலை. போர்ச்சுக்கீசியர் தொடங்கி, டச்சுக்காரர் பெரிதாக்கியது. 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். இந்தக் காலியில்தான் 1911இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1409ஆம் ஆண்டிட்டுப் பொறித்துக் கொண்டுவந்தது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற கோயில் தெய்வத்துக்குக் காணிக்கை செலுத்துகிறது. கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில். அந்த நாயனாரின் கோயில் இருந்த ஊர் வெலிகமவுக்குக் கிழக்கே உள்ள தேவேந்திரமுனை. போர்ச்சுக்கீசியர் 1588இல் கோயிலை இடித்தார்கள். இன்று அங்கே விஷ்ணு தேவாலயமும், முனையில் 49 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. கன்னியாகுமரியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு நிலமுனையில் நிற்பது வேறுவிதமாக இருக்கும்.

வெலிகமவிலேயே குஷ்டராஜகல என்ற பாறைச்சிற்பம் நடந்து போகும் தூரம். தோல்நோய் வந்த அரசன் ஒருவன் மூன்று மாதம் தேங்காய் மட்டுமே உண்டு குணமானான் என்பது ஊர்க்கதை. சிற்பம் மகாயான பௌத்தத்தின் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கொக்கல ஏரியில் படகில் போய்க் கறுவாப்பட்டை உரிப்பதைப் பார்க்கலாம். கம்பத்தில் உட்கார்ந்து மீன்பிடிப்பவர்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள். இப்போது பல இடங்களில் தூண்டிலைவிடக் கேமராவுக்காகவே ஏறுகிறார்கள், தொகையைப் பேசிவிட்டு எடுங்கள். பாறைத்துளை வழியே கடல் பீறிடும் ஹும்மானய நீர்த்தாரை ஜூன், ஜூலைக் கடலுக்கு உரியது. ஜனவரியில் போனால் பாறையைப் பார்த்துவிட்டு வருவீர்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுப்பது அங்கே குற்றமாகவே பார்க்கப்படும்.

நீலத்திமிங்கிலம் பார்க்க மிரிஸ்ஸத் துறையிலிருந்து காலை ஆறரைக்குப் படகு. அலையும் அதே நேரம்தான் என்பதால், ஆறாம் ஏழாம் நாள் தோள் களைக்கும் என்றேனே, அந்த நாளுக்கு இதை ஒதுக்குங்கள். அங்கே கண்டத்திட்டு குறுகல், ஆழ்கடல் கரைக்குக் கிட்டத்திலேயே தொடங்குகிறது. அதனால்தான் அவ்வளவு பெரிய உயிர் கரையோரம் வருகிறது. குமட்டல் மாத்திரையைப் படகேறும் அரை மணிக்கு முன் போட வேண்டும், குமட்டத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. திமிங்கிலத்தைத் துரத்தி வளைக்கும் படகுக்காரரைத் தவிர்க்க, முந்தின நாள் போய்வந்தவர்களிடம் விசாரித்துவிட்டுச் சீட்டு எடுங்கள்.

திரும்பி வந்ததும் பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க, மார்ச் கடைசிவரை ஞாயிறு காலை கோவளமோ வர்க்கலையோ போங்கள். காலைக்காற்றுக் கணக்கு அங்கும் இதேதான். ஏப்ரல் பிறந்ததும் ஐதராபாதின் இன்காய்ஸ் நிறுவனம் தரும் கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். எச்சரிக்கை இருக்கும் நாளில், கரையில் நிற்கும்போது கடல் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், பலகை வண்டியிலேயே இருக்கட்டும்.